தொழிற்பூங்காவில் ஆபீஸ் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

நகரமைப்பு அலுவலகத்தில் 31 வருடம் வரைபடம் பார்த்தவன் என்பதால் இந்தப் பகுதியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். போன இதழில் குடியிருப்புப் பகுதியில் கடை வைப்பது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி தொழிற்பூங்காவைப் பற்றியவை. அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். சதவீதமும் விதி எண்ணும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அந்த விதிகளை எழுதவைத்த காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். என்னால் சொல்ல முடிந்தது அந்தக் காரணங்களைத்தான்.

கேள்வி: நானும் இரண்டு உதவியாளர்களும் சேர்ந்து கணக்குத் தணிக்கை செய்கிறோம். ஒரு தொழிற்பூங்காவில் முதல் மாடி காலியாக இருக்கிறது. கடைத்தெரு வாடகையில் பாதிதான். "இங்கே எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள், தைரியமாக வாருங்கள்" என்கிறார் உரிமையாளர். நாங்கள் புகை விடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. போகலாமா ஐயா?

அந்த இடத்துக்கு 'தொழில்' (அதாவது பட்டறை, ஆலை வகை) என்று மட்டும் அனுமதி இருந்தால், போகாதீர்கள்.

புகையும் இல்லை, சத்தமும் இல்லை என்பது சரி. ஆனால் உங்களால் வரும் தொந்தரவு மூக்குக்கும் காதுக்கும் தெரியாது. அதன் பெயர் வாடகை. உங்கள் வேலைக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கணினி போதும். வெல்டிங் பட்டறைக்காரருக்குத் தரைத்தளம் வேண்டும், உயரமான கூரை வேண்டும், வாசலில் லாரி திரும்ப இடம் வேண்டும். ஒரே சதுர அடிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய தொகையை அவரால் ஒருநாளும் கொடுக்க முடியாது. உங்களுக்குப் பாதி வாடகையாகத் தெரிவது அவருக்கு இரண்டு பங்கு. ஒரு மாடிக்கு நீங்கள் கொடுத்துவிட்டால், அடுத்த ஒப்பந்தத்தில் அவரிடமும் அதே தொகையைக் கேட்பார்கள். அவர் கிளம்புவார், அந்த இடத்துக்கும் ஓர் ஆபீஸ் வரும். எந்தச் சண்டையும் இல்லாமல் பத்து வருடத்தில் பூங்காவில் பட்டறையே இருக்காது.

சிகாகோவில் இது கண்ணெதிரே நடந்தது. நகரின் வடக்கே கிளைபோர்ன் என்ற பகுதி, ஆற்றோரத் தொழிற்சாலைகள் நிறைந்தது. பழைய ஆலைக் கட்டடங்களை வீடாகவும் கடையாகவும் மாற்ற ஆள் வர ஆரம்பித்ததும் நிலத்தின் விலை ஏறியது. ஆலைக்காரர்கள் கத்தினார்கள். 1988-இல் மாநகராட்சி அங்கே 'திட்டமிட்ட உற்பத்தி மண்டலம்' என்று கோடு போட்டு, உள்ளே குடியிருப்பு வரக்கூடாது என்று நிறுத்தியது. நில விலையை எதிர்த்துக் கோடு தாக்குப்பிடித்தது கிட்டத்தட்ட முப்பது வருடம். 2017-இல் அதே மாநகராட்சி அந்த மண்டலத்தை நீக்கி, ஆபீஸுக்கும் வீட்டுக்கும் வழி விட்டது. வாடகையின் பலம் அப்படி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிமையாளரிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று, கட்டட அனுமதி வரைபடம். அதில் அந்த மாடிக்கு எழுதியிருக்கும் பயன்பாட்டைப் பாருங்கள். இரண்டாவது, பூங்கா நிர்வாகம் அவருக்கு இடம் கொடுத்த குத்தகைப் பத்திரம். பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அரசு விதி அனுமதித்தாலும் குத்தகைப் பத்திரத்தில் 'உற்பத்திக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கலாம். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரிமையாளர் சிரிப்பார்.

"எல்லோரும் இருக்கிறார்கள்" என்பது வாதமே இல்லை. நோட்டீஸ் வரும்போது எல்லோருக்கும் சேர்த்து வராது, யார் மேல் புகார் வந்ததோ அவருக்குத்தான் வரும். ஒன்று மட்டும் விசாரித்துப் பாருங்கள்: பூங்காவில் இருப்பவர்களுக்கே சேவை செய்யும் வங்கிக் கிளை, முதலுதவி நிலையம் போன்றவற்றைச் சில விதிகள் நிபந்தனையோடு விடும். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பூங்காவின் ஆலைகள்தான் என்றால் விண்ணப்பித்துப் பார்க்கலாம். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இயந்திர பாகங்கள் செய்யும் ஆலை வைத்திருக்கிறேன். மாடியில் வரைபடம் போடுபவர்கள், விற்பனை, கணக்கு என்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். கீழே இயந்திரத்தில் இருபத்தைந்து பேர்தான். "இது ஆலை இல்லை, ஆபீஸ்" என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். வரைபடக்காரர்களில் சிலர் வெளி நிறுவனங்களுக்கும் வேலை செய்து கொடுக்கிறார்கள். ஆள் எண்ணிக்கையை வைத்தா முடிவு செய்வார்கள்?

பெரும்பாலும் ஆளை எண்ண மாட்டார்கள், தரையை அளப்பார்கள்.

ஆலைக்குள் ஆபீஸே கூடாது என்று எந்த விதியும் சொல்வதில்லை. சம்பளம் போட ஓர் அறை வேண்டும், வாங்க வருபவரை உட்கார வைக்க ஓர் அறை வேண்டும். இதற்குத் துணைப் பயன்பாடு என்று பெயர். எவ்வளவு வரை துணை, எங்கே அதுவே முதலாளி ஆகிறது என்பதில்தான் வழக்கு. சிங்கப்பூரில் இதற்கு ஒரு தெளிவான எண் வைத்திருக்கிறார்கள்: தொழில் மண்டலத்தில் மொத்தத் தளப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் தொழிலுக்கு, மீதி 40 சதவீதத்துக்குள் துணைப் பயன்பாடுகள். இதைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அந்த 40-ஐ வெளியாருக்கு ஆபீஸாக வாடகைக்கு விடலாம் என்று அர்த்தமில்லை. ஆபீஸ், பொருள் காட்டும் கூடம், சாப்பாட்டு அறை எல்லாம் அந்த ஆலைக்காகவே இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்துதான் 40.

இன்னொரு எண்ணும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம், 10 சதவீதம். அது அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதியில் வருவது. ஒரு தளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாத துணைப் பகுதியை, நடுவில் தீத்தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்காமல் விடலாம் என்று பொதுவாகச் சொல்கிறது. அது தீயைப் பற்றியது, நிலப் பயன்பாட்டைப் பற்றியது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து என் மேஜையைத் தட்டியவர்கள் நிறையப் பேர்.

எண்ணுக்குப் பின்னால் நான் எப்போதும் கேட்டது ஒரே கேள்வி: கீழே ஆலை நாளைக்கு நின்றுபோனால் மேலே ஆபீஸ் தொடர்ந்து நடக்குமா? நடக்கும் என்றால் அது துணை இல்லை. உங்கள் சொந்த இயந்திரத்துக்கு வரைபவர் உற்பத்தியில் ஒரு பகுதி. வெளி நிறுவனத்துக்கு வரைந்து விற்பவர், நீங்கள் நடத்தும் இரண்டாவது தொழில். அதனால் வரைபடங்களை வேலை எண் போட்டு அடுக்குங்கள். கீழே எந்த வேலைக்கு எந்த வரைபடம் போனது என்று ஒரு பதிவேடு காட்டினால், ஆய்வுக்கு வருபவருக்குப் பாதி சந்தேகம் தீரும். வெளி வேலை செய்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒருமுறை ஆய்வுக்குப் போனேன். வாசலில் 'இயந்திர உற்பத்தி' என்று பெரிய பலகை. உள்ளே வரிசையாக அறுபது கணினிகள், காதில் ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள். "உற்பத்தி எங்கே?" என்றேன். மூலைக்கு அழைத்துப் போனார்கள். நீலத் துணி போர்த்திய ஒரு லேத். துணியைத் தூக்கினேன். தூசி ஒரு விரல் கனம். அதுகூடப் பரவாயில்லை, குனிந்து பார்த்தால் மின்சார வயரே இல்லை. வயர் வர வேண்டிய ஓட்டையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ரிப்பேருக்குப் போயிருக்கிறது சார்" என்றார். வயர் மட்டும் தனியாகவா ரிப்பேருக்குப் போகும்?

உங்களிடம் இருபத்தைந்து பேர் உண்மையாகவே இயந்திரத்தில் நிற்கிறார்கள். பயப்பட வேண்டாம். யாராவது வந்து அளப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை அளந்து வையுங்கள். மாடிப்படி, கழிப்பறை, இடைத்தளம் இவற்றை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று விதியில் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதித் தகராறு இடைத்தளத்தில்தான் வந்தது. சாமான் வைக்க என்று போட்ட பலகைத் தளம், ஒரு ஏசி மாட்டியதும் ஆபீஸ் ஆகிவிடும்.

கேள்வி: மென்பொருள் எழுதுவது ஆபீஸா, தொழிலா? நாங்களும் ஒரு பொருளை உருவாக்கத்தானே செய்கிறோம்?

இந்தக் கேள்விக்கு நாடுகளே தடுமாறியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1972 விதிப்படி ஆபீஸ் ஒரு வகுப்பு, இலகு தொழில் வேறு வகுப்பு. 1987-இல் இரண்டையும், ஆராய்ச்சிக் கூடத்தையும் சேர்த்து 'பி1' என்று ஒரே வகுப்பில் போட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் ஆபீஸா பட்டறையா என்று சொல்ல முடியாமல் இருந்ததும் ஒரு காரணம். ஒரு குடியிருப்புத் தெருவில் நடத்தினாலும் அங்கே இருப்பவர்களுக்குக் கெடுதல் வரக்கூடாது, அந்த வகுப்புக்குள் வர அதுதான் பரீட்சை. என்னென்ன கெடுதல் என்று பட்டியலே உண்டு: சத்தம், அதிர்வு, வாடை, ஆவி, புகை, கரி, சாம்பல், தூசி அல்லது மணல் துகள். எழுதியவர் ஒரு பட்டறை வாசலில் நின்று முகர்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரே வகுப்புக்குள் மாறுவதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அதாவது, அனுமதியில் தனி நிபந்தனை போடாத இடங்களில் தச்சுப் பட்டறை மூடி அடுத்த வாரம் விளம்பர ஆபீஸ் திறக்கலாம். முதல் பதிலில் சொன்ன வாடகைக் கதைக்கு இது திறந்த வாசல். 2020 செப்டம்பர் 1 முதல் கடை, உணவகம், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவ ஆலோசனை அறை எல்லாவற்றையும் இவற்றோடு சேர்த்து 'இ' என்ற இன்னும் பெரிய வகுப்பில் போட்டுவிட்டார்கள். கனமான தொழிலும் கிடங்கும் மட்டும் தனியாக நிற்கின்றன. காலியாகும் கடைத்தெருக்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். பட்டறைக்கு நல்லதில்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவில் டென்னிஸ் ஓ'ஹாரோ என்ற நகரமைப்பாளர் 1951-இல் வேறு வழி சொன்னார். தொழிலின் பெயரைப் பார்க்காதே, அது எவ்வளவு சத்தம், எவ்வளவு அதிர்வு, எவ்வளவு புகை வெளியே விடுகிறது என்று அளந்து பார் என்றார். நியூயார்க்கின் 1961 விதி தொழில் மண்டலங்களுக்கு அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டது. நல்ல யோசனைதான். அந்தத் தராசில் ஏறினால் மென்பொருள்காரர்கள் எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு. வாடகையை அளக்கும் கருவி மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை.

உங்கள் ஊர் விதியில் 'தகவல் தொழில்நுட்பம்' என்று தனிச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஆபீஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: தொழிற்பூங்காவில் ஜிம் வைக்கலாமா?

கூரை உயரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் இதையே கேட்கிறார்கள். பூங்கா ஊழியர்களுக்கு மட்டும் என்றால் சில இடங்களில் துணைப் பயன்பாடு. வெளியாருக்கு உறுப்பினர் கட்டணம் வாங்கினால் அது வணிகம், பயன்பாட்டு மாற்றம், அதாவது இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தும் அனுமதி, வாங்க வேண்டும்.

கேள்வி: இருபது வருடமாக பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறோம். பக்கத்துக் கட்டடத்தில் போன வருடம் ஒரு வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இப்போது எங்கள் சத்தத்தில் வீடியோ கூட்டம் நடத்த முடியவில்லையாம். எங்கள் மேலேயே புகார். முதலில் வந்தது நாங்கள்தானே ஐயா?

1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் 1922-இல் மண்டலம் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நிறுவனம், நிலத்தைத் தொழிலுக்கு விற்க முடியாமல் விலை விழுந்துவிட்டது என்று வழக்குப் போட்டுத் தோற்றது. மண்டல விதிகளுக்கே அந்தத் தீர்ப்புதான் அங்கே அஸ்திவாரம். தீர்ப்பெழுதிய நீதிபதி சதர்லாண்ட், தொந்தரவு என்பது சில சமயம் சரியான பொருள் தப்பான இடத்தில் இருப்பதுதான் என்று சொல்லி, தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல என்று உவமை சொன்னார்.

உங்கள் விஷயத்தில் பன்றி தொழுவத்தில்தான் இருக்கிறது. சோபாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள்தான் தொழுவத்துக்குள் வந்திருக்கிறார்கள்.

ஆனால் 'முதலில் வந்தேன்' என்பது மட்டும் எல்லா இடத்திலும் செல்லாது. இங்கிலாந்து 2018-இல் தேசியத் திட்டக் கொள்கையிலேயே இதை எழுதி வைத்தது: ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வருபவர்தான், சத்தத்தைத் தாங்கும் ஏற்பாட்டைத் தன் செலவில் செய்துகொள்ள வேண்டும். மாற்றத்தைக் கொண்டுவருபவர் பொறுப்பு என்ற கொள்கை. உங்கள் விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும், அவர்கள் பயன்பாட்டு மாற்றம் வாங்கியிருந்தால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட வேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்து அவர்கள் போடாமல் இருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். மாற்றமே வாங்காமல் உட்கார்ந்திருந்தால் கதையே வேறு.

உங்கள் பக்கமும் சரியாக இருக்கட்டும். எல்லைச் சுவரில் சத்தம் அளந்து தேதியோடு ஓர் அறிக்கை வைத்திருங்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பிரஸ்ஸின் காலுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அதற்குப் பெரிய செலவில்லை. பல புகார்களில் ஆளை விரட்டுவது சத்தம் இல்லை, மேஜையில் நடுங்கும் தண்ணீர்க் குவளை.

கேள்வி: 15,000 சதுர அடி குடோன் ஒன்றை கால் சென்டர் ஆக்கப் போகிறோம். மண்டல விதிப்படி அனுமதி கிடைத்துவிட்டது. இனி பெயிண்ட் அடித்து உட்காரலாம் அல்லவா?

உட்காராதீர்கள்! மண்டல அனுமதி கிடைத்தால் நிலம்தான் சரி. கட்டடம் இன்னும் குடோன்தான்.

முன்பு சொன்ன அதே சர்வதேசக் கட்டட விதியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிடங்கில் ஆளுக்கு 500 சதுர அடி, ஆபீஸில் ஆளுக்கு 150. உங்கள் 15,000 சதுர அடியில் குடோனாக இருந்தால் 30 பேர், ஆபீஸாக இருந்தால் 100 பேர். கதவு, படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் அந்த 30 பேரை நினைத்துக் கட்டியவை. வண்டி நிறுத்துமிடமும் அப்படித்தான், லாரி வந்து திரும்ப விட்ட முற்றத்தில் நூறு பேருடைய வண்டி நிற்கப் போகிறது. கால் சென்டரில் இன்னும் நெருக்கியே உட்கார வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படி மாற்றிய ஓர் இடத்தைப் பார்த்தேன். இரவு வேலை நடக்கும் இடம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அழகு. பின்பக்க வழி பழைய உருட்டு ஷட்டர். திருட்டுக்குப் பயந்து அதற்கு இரவில் வெளியிலிருந்து பூட்டு. சாவி எங்கே என்று கேட்டேன். காவலாளியின் வீட்டில் இருந்தது. அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

ஹாங்காங்கில் 2001 வாக்கில் பழைய தொழில் பகுதிகள் பலவற்றை ஆபீஸும் வரக்கூடிய 'வணிக' மண்டலமாக மாற்றினார்கள். அப்போதும் பழைய தொழிற்கட்டடங்களுக்குள் தனி அனுமதியில்லாமல் விட்டது, வாடிக்கையாளர் நேரில் வந்து போகாத ஆபீஸை மட்டும்தான். மேல் மாடியில் ரசாயனமோ பஞ்சோ இருக்கும் கட்டடத்தில், வழி தெரியாத வெளியாள் தீயில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. உங்கள் பக்கத்துச் சுவருக்கு அப்பால் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நீங்களும் போய்ப் பாருங்கள். பெயிண்ட் அப்புறம்.

கேள்வி: எங்கள் பூங்காவில் பதினைந்து வருடமாக அனுமதியோடு ஆபீஸ் நடத்துகிறோம். இப்போது விதியை மாற்றி 'இனி ஆபீஸ் கூடாது' என்கிறார்கள். காலி செய்ய வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். விதி மாறும் முன் சட்டப்படி நடந்த பயன்பாட்டைத் தொடர விடுவதுதான் பல நாடுகளில் வழக்கம். ஆனால் பெரிதாக்க விடமாட்டார்கள், பக்கத்து அறையைச் சேர்த்துக்கொள்ள முடியாது. நடுவில் மூடினாலும் உரிமை போய்விடும். நியூயார்க்கில் தொடர்ந்து இரண்டு வருடம் நிறுத்தி வைத்தால் பொதுவாக மறுபடி திறக்க முடியாது, பல ஊர்களில் அதைவிடக் குறைந்த காலம்தான். அதனால் புதுப்பிக்கிறேன் என்று நீண்ட நாள் பூட்டிப் போடாதீர்கள். பழைய அனுமதி உத்தரவோடு மாதா மாதம் கட்டிய மின் கட்டண ரசீதுகளையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். தகராறு வந்தால் ஆய்வுக்கு வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார். நானும் அதைத்தான் கேட்பேன்.